இத்தா முடியட்டும் என்று நின்ற வண்டி

என் மருமகன் முகம்மது அப்சலைப் பற்றி எங்கள் தெருவில் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஏமாளி என்று சிலர், தங்கமான மனுசன் என்று சிலர். இரண்டு பேச்சுக்கும் காரணம் ஒரே கார்தான். அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தது, வந்த பிறகு ஏன் ஓடாமல் நின்றது, அது நின்றதால் அவர் எங்கே போய் மாட்டினார் என்பதை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் பாதியை விட்டுவிடுவார்கள்.

அப்சல் பிறந்தது கடையநல்லூரில். வாப்பா தறி நெய்தவர். மகனுக்குத் தறியில் உட்காரப் பொறுமை இல்லை. மீசை முளைக்கும் முன்பே லாரியில் கிளீனராக ஏறிவிட்டார். வண்டி ஓட்டப் பழகியதும் அந்த லாரியில்தான். என் ஒரே மகள் பஸீலாவை அவருக்குக் கட்டிக்கொடுத்தபோது என் வீட்டுக்காரர் மௌத்தாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. மாமியைத் தனியாக விட வேண்டாம் என்று சொல்லி, அவரே சங்கரன்கோவிலுக்கு வந்து எங்களோடு இருந்துகொண்டார். எங்கள் தெருவில் விடிந்ததிலிருந்து விசைத்தறிச் சத்தம் கேட்கும். வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் அவருக்குத் தூக்கம் வரவில்லை. பழகிய பிறகு, கரண்டு போய்ச் சத்தம் நின்றால் விழித்துக்கொள்வார்.

என் பேத்தி முபஷ்ஷிரா தவழும் வயதில் அப்சல் குவைத்துக்குப் போனார். வீட்டு டிரைவர் விசா. அங்கே முதலாளியைக் கபீல் என்கிறார்கள். கபீலின் வீட்டுக் கேட்டை ஒட்டி ஓர் அறை, அதற்குள் ஒரு கட்டில், அதுதான் டிரைவருக்கு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். கபீலின் வயதான உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வீட்டுப் பெண்கள் கடைக்குள் போனால், அவர்கள் திரும்பி வரும்வரை வண்டியிலேயே இருக்க வேண்டும். ஓட்டிய நேரத்தைவிட உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம் என்பார். முபஷ்ஷிரா முதன்முதலாக நடந்ததையும், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியதையும், யாரோ ஒருவருடைய காரின் சீட்டில் இருந்துகொண்டு போனில் பார்த்தவர் அவர்.

லீவில் வந்தாலும் வேலைக்கு வந்தவர் போலத்தான் இருப்பார். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார். வாசலில் நின்று வருகிறவர்களின் வண்டியை எல்லாம் ஒழுங்காக நிறுத்திக்கொடுப்பார். பஸீலாவுக்கு அதில் கோபம் வரும். நீங்கள் இந்த வீட்டுக்கு விருந்தாளியா, வாட்ச்மேனா என்று கேட்பாள்.

குவைத்தில் பக்கத்து வீட்டு டிரைவர் நூஹுகண்ணு ராவுத்தர். கேரளாவில் பத்தனாபுரத்துக்காரர். அந்தப் பக்கத்து ராவுத்தமார் வீட்டில் இன்னும் தமிழ்தான் பேசுவார்கள். அப்சலைவிட மிகவும் மூத்தவர். கூடப் பிறந்த அண்ணனாகத்தான் அப்சல் அவரை நினைத்தார். ராவுத்தர் முதலில் ஊர் திரும்பி, சேர்த்து வைத்த பணத்தில் ஒரு கார் வாங்கினார். அவரும் அவருடைய பீவியும் மட்டும் போய்வர. காலம் முழுக்க அடுத்தவர் வண்டியைத் துடைத்த கை அல்லவா, தன் வண்டியை எப்படி வைத்திருப்பார்! சில வருடங்களில் கண் மங்கிவிட்டது. ராத்திரி எதிரே வருகிற வெளிச்சம் பரவித் தெரிகிறது, இனி ஓட்டினால் யாரையாவது இடித்துவிடுவேன் என்று அப்சலுக்குப் போன் செய்தார். வண்டி கை மாறினால் உன் கைக்குத்தான் மாற வேண்டும் என்றார்.

போன வருடம் அப்சல் லீவில் வந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. இனி குவைத்துக்குப் போவதில்லை என்று முடிவு செய்துதான் வந்திருந்தார். கபீலிடம் மட்டும் சொல்லவில்லை. ஆறு மாத லீவு. அதற்குள் திரும்பாவிட்டால் விசா தானாகச் செத்துவிடும். அதற்குள் இங்கே ஒரு பிழைப்பை ஊன்றிவிட்டால், செத்துப்போன விசாவைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ராவுத்தரின் காரை வாங்கி, நம் ஊர் நம்பர் போட்டு, மஞ்சள் போர்டு மாட்டி வாடகைக்கு ஓட்டுவது என்பது அவருடைய திட்டம். கடையநல்லூரிலும் நம் ஊரிலும் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். எல்லோருக்கும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வண்டி வேண்டும்.

"இனி நான் ஏர்போர்ட்ல ஆளக் கொண்டு விட்டுட்டு, வீட்டுக்குத் திரும்பி வர்ற ஆளு மாமி" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ரமலான் நோன்பின் கடைசிப் பத்து நாளில் பத்தனாபுரத்துக்குப் போனார். அஸர் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் முற்றத்தில் இரண்டு பேரும் கைகொடுத்து வியாபாரத்தை முடித்தார்கள். பணம் அப்போதே கைமாறிவிட்டது. சாவியும் கைமாறிவிட்டது. காகிதம்தான் பாக்கி.

அந்தக் காகித விவரத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கேரளாவில் பதிந்த வண்டியைத் தமிழ்நாட்டில் பதிய வேண்டுமென்றால், அந்த ஊர் ஆபீஸ் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று முதலில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். என்.ஓ.சி. என்கிறார்கள். அது வந்த பிறகுதான் இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி, வண்டியின் வயசுக்குத் தக்கபடி வரி கட்டி, பெயர் மாற்றி, நம்பர் வாங்க முடியும். என்.ஓ.சி.யைக் கேட்க வேண்டியவர் வண்டியை விற்றவர். அவருடைய போனுக்கு ஒரு எண் வரும். அதைச் சொன்னால்தான் விண்ணப்பமே போகும். இது அப்சலுக்குத் தெரியாததல்ல. வேறு ஆளாக இருந்தால், பணத்தைக் கொடுக்கும் முன்னால் ராவுத்தரைக் கையோடு கம்ப்யூட்டர் கடைக்குக் கூட்டிப்போயிருப்பார். ஆனால் நோன்பு வைத்திருக்கிற வயசாளி. வெயில். உதடு காய்ந்து நின்றார். பெருநாள் முடியட்டும் தம்பி, நானே போய் முடித்துத் தருகிறேன் என்றார். அப்சல் சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

பெருநாள் கழிந்து போன் செய்தார். பெருநாளுக்கு அடுத்து ஆறு நோன்பு வைப்பார்கள் அல்லவா, ராவுத்தர் அதைத் தொடங்கியிருந்தார். அதுவும் முடியட்டும் என்றார். முடியட்டும் அண்ணே, அவசரமே இல்லை என்று இவரும் சொன்னார். நம் ஆட்கள் இப்படித்தான். நோன்பாளியை வெயிலில் அலைய வைப்பதற்கு யாருக்கும் மனசு வராது. எனக்கும் வந்திருக்காது.

அந்த ஆறு நோன்பு முடிவதற்குள் ராவுத்தர் மௌத்தாகிவிட்டார். தொழுதுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், அப்படியே போய்விட்டார்.

அப்சல் அதே வண்டியில்தான் ஓடினார். சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார், கபுரில் மண் போட்டார். ராவுத்தரின் பீவி பெயர் ரம்லத் பீவி. ஒரே மகள், அவளும் புருசனோடு துபாயில் இருக்கிறாள். திரைக்கு அந்தப் பக்கமிருந்து ரம்லத் பீவி ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: வண்டி உன்னுடையதுதான், அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார், நீ கலங்க வேண்டாம். அந்த வார்த்தையை நம்பித்தான் அப்சல் திரும்பி வந்தார். அந்த அம்மாவும் பொய் சொல்லவில்லை.

நம் ஊரில் இந்த வேலைகளைப் பார்த்துக்கொடுப்பவர் பெத்துராஜ். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகிற வழியில் ஒரு செராக்ஸ் கடை வைத்திருக்கிறார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கை சுத்தம். அவர் விவரத்தைச் சொன்னார். செத்தவர் பெயரில் இருக்கிற வண்டி முதலில் வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். இறப்புச் சான்றிதழ் வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வேண்டும், அந்த அம்மா ஆபீசில் நேரில் போய் நிற்க வேண்டும். அவர் பெயருக்கு மாறி, அதற்கப்புறம் அவர் என்.ஓ.சி. கேட்டு, அதற்கப்புறம்தான் நம் ஊர் வேலை. அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள், ஒன்று கிடக்க ஒன்று ஆனால் இன்சூரன்சில் பதில் சொல்ல ஆள் இல்லை என்றார்.

சொல்லிவிட்டுக் குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னாராம்.

"பாய், ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ராவுத்தர் இன்னும் உசுரோடதான் இருக்காரு. போனும் அந்த வீட்லதான கெடக்கு? நான் இங்கன இருந்து விண்ணப்பத்தத் தட்டுதேன். அந்தம்மா வர்ற நம்பரப் பாத்துச் சொன்னா போதும். தாள் வந்துரும்."

"அவுக இத்தால இருக்காக அண்ணாச்சி."

"அப்டின்னா?"

புருசன் மௌத்தானால் பெண்சாதி நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டும் என்று அப்சல் விளக்கியிருக்கிறார். பெத்துராஜ் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, உங்கள் லீவு எப்போது முடிகிறது என்று கேட்டாராம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் முடிகிறது. லீவுதான் முந்திக்கொள்கிறது.

அப்சல் வீட்டுக்கு வந்து என்னிடம்தான் முதலில் சொன்னார். நான் கூடாது என்றேன். எந்த ஆம்பளையும் இந்தக் காரியத்துக்காக அந்த வாசலில் போய் நிற்கக் கூடாது, போன் போட்டும் பேசக் கூடாது என்றேன். அவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டார். அவசியமான காரியத்தைத் திரைக்கு வெளியே நின்று பேசலாம், தவறில்லை என்று ஹஜ்ரத் சொல்லியிருக்கிறார். பேசலாம் என்றுதானே சொன்னார், பேசியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லையே என்றேன். நான் இத்தாவில் இருந்தபோது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துப் பணம் என்று சொல்லி ஓர் ஆள் கட்டைவிரல் ரேகைக்கு வந்தான். நல்லவன்தான். பணமும் எங்களுக்கு வர வேண்டிய பணம்தான். ஆனால் நான் எழுந்து வந்து, மையில் விரலை அமுக்கி, அவன் காட்டிய இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தபோது, என் புருசன் இரண்டாவது தடவை போன மாதிரி இருந்தது. எத்தனை வருடமானாலும் அந்த மை எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதனால் கூடாது என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வண்டி வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் நின்றது. மேலே தார்ப்பாய். அப்சல் தினமும் காலையில் தார்ப்பாயை விலக்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் ஓடவிடுவார். விசைத்தறிப் பஞ்சு பறந்து வந்து கண்ணாடியெல்லாம் அப்பியிருக்கும். துடைப்பார். பிறகு உள்ளே ஏறி ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்வார். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இங்கேயும் உட்கார்ந்துதான் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். வெளியே சொல்லமாட்டேன்.

பெத்துராஜ் அந்த வழியாகப் போகும்போது சும்மா போகமாட்டார்.

"என்ன வே பாய், வண்டியும் இத்தா இருக்கா?"

அன்றைக்கு அப்சலும் சிரித்தார். மறுநாள் தெருவே அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. இத்தா வண்டிக்குப் பக்கத்து வீடு என்று கடைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வழி சொல்ல ஆரம்பித்தார்கள்.

விற்றுவிடலாம் என்றால் வண்டி அவர் பெயரில் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றால், இத்தாவில் இருக்கிறவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்ட மாதிரி ஆகிவிடும். ஊரில் கூலிக்கு டிரைவர் வேலை தேடினார். ஆக்டிங் டிரைவர் என்பார்கள், கூப்பிட்டால் போய் ஓட்ட வேண்டும். ஒரு வாரம் நாலு தடவை கூப்பிடுவார்கள், அடுத்த வாரம் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். முபஷ்ஷிரா பிளஸ் டூவுக்குப் போயிருந்தாள். கூலிக்கு ஓட்டி அவளைப் படிக்க வைக்க முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

குவைத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. கபீலின் உம்மாவே பேசுவார். வேறு டிரைவர் வண்டியைக் குலுக்குகிறான், எனக்கு இடுப்பு வலிக்கிறது, நீ எப்போது வருகிறாய் என்று கேட்பார். அப்சல் அரபியில் இன்ஷா அல்லாஹ் என்பார். பிறகு ஒருநாள், குறித்த நாளில் வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று கபீல் சொல்லிவிட்டார். அதிலும் தப்பில்லை. அவர்களுக்கும் ஓட்ட ஆள் வேண்டுமே.

ஆனி கடைசியில் பஸீலா சேலையை உடுத்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஆம்பளதான போகக்கூடாது? நான் போறேன். நீங்களும் வாங்க."

இத்தாவில் இருப்பவரைப் பெண்கள் போய்ப் பார்ப்பது வழக்கம்தான். பார்க்க வருகிறேன், கேட்க வரவில்லை என்று சொல்லித்தான் கிளம்பினேன். தென்காசிக்கு ஒரு பஸ், அங்கிருந்து புனலூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து பத்தனாபுரத்துக்கு ஒரு பஸ். ஆரியங்காவு தாண்டும்வரை மழை தூறிக்கொண்டே இருந்தது.

ரம்லத் பீவி நடு அறையில் கட்டிலில் இருந்தார். வெள்ளைச் சேலை, காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பெண்ணொருத்தி கட்டன் சாயா கொண்டுவந்து வைத்தாள். என் புருசனைப் பற்றி அவர் கேட்டார், அவர் புருசனைப் பற்றி நான் கேட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் ராவுத்தரின் போன் சார்ஜில் கிடந்தது. அதை ஒருநாளும் அணைய விட்டதில்லையாம். குவைத்திலிருந்து பழைய சினேகிதர்கள் யாராவது விவரம் தெரியாமல் கூப்பிடுவார்கள், எடுத்துச் சொல்ல வேண்டும் அல்லவா என்றார்.

பஸீலாவின் கண் அந்தப் போனை விட்டு நகரவில்லை. நான் அவள் முழங்காலை அமுக்கினேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டுப் பேச ஆரம்பித்தாள். லீவு முடியப் போவதையும், மகள் படிப்பையும், பெத்துராஜ் சொன்ன வழியையும் மறைக்காமல் சொன்னாள். குரல் உடையவில்லை. நல்ல முறையில்தான் கேட்டாள்.

"ஒரு நம்பர் வரும் மாமி. அத மட்டும் வாசிச்சுச் சொன்னாப் போதும்."

ரம்லத் பீவி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவங்க மௌத்தாயிட்டாங்கன்னுதான் நான் இந்த அறைக்குள்ள இருக்கேன் மோளே. நம்பரச் சொன்னா அங்க ஆபீஸ்ல அவங்க உயிரோட இருக்காங்கன்னு ஆகும். அப்ப நான் யாருக்காக இங்க இருக்கேன்?"

பஸீலா தலையைக் குனிந்துகொண்டாள். இத்தா முடிந்த அன்றைக்கே என் கால் முதலில் போகிற இடம் அந்த ஆபீஸ்தான், மகளுக்குச் சொல்லி மற்ற சான்றிதழ்களுக்கு இப்போதே ஏற்பாடு செய்கிறேன் என்று ரம்லத் பீவி சொன்னார். செய்யவும் செய்தார். ஆனால் அன்றைக்கு எங்களுக்கு அது போதாது. நான் துஆ கேட்டுக்கொண்டு எழுந்தேன்.

திரும்புகிற பஸ்ஸில் பஸீலா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே பேசினாள்.

"நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவுக கேட்டிருப்பாக."

"சொல்ல மாட்டேன்னுதான வந்தேன்."

"அப்ப எதுக்கு வந்திய?"

அவள் தனியாக அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்றுதான் போனேன். அதைச் சொன்னால் சண்டை பெரிதாகும்.

வீட்டுக்கு வந்தபோது அப்சல் சந்தில், வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்து வைத்தபடியே நடந்ததைக் கேட்டார். ரம்லத் பீவி சொன்னதைப் பஸீலா ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். அவர் ஸ்டீயரிங்கில் ஒட்டியிருந்த பஞ்சை நகத்தால் எடுத்துக்கொண்டே, அந்தம்மா சொன்னது சரிதானே என்றார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவுகளும் சரி, உம்மாவும் சரி, நீங்களும் சரி. எல்லாருஞ் சரியாத்தான் இருக்கிய. தனியாக் கெடக்கப் போறது நான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. எனக்கு என் மகள் மேல் கோபம் இல்லை. நான் சொன்னதில் மாற்றமும் இல்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று அந்த ஆடி மாதம் முழுக்கப் பார்த்தேன்.

ஊர்க் கோவில் திருவிழா ஆடித்தபசு வந்தது. ஊர் கொள்ளாத கூட்டம். இளையரசனேந்தல், சிவகிரி என்று எல்லாப் பக்கமிருந்தும் சனம். டயர் உருளுகிற வண்டி எல்லாம் வாடகைக்கு ஓடியது. வீட்டுக் கார்கூட ஓடியது. அப்சல் யாருடைய வேனையோ கூலிக்கு ஓட்டினார். சந்துக்குள் நின்ற வண்டியை ஓட்டச் சொல்லி இரண்டு பேர் வந்து கேட்டார்கள். தபசு நெருக்கடியில் எவன் நிறுத்திக் காகிதம் பார்ப்பான் என்றார்கள். அப்சல் சாவியை எடுத்து வந்தார். தார்ப்பாயைப் பாதி விலக்கினார். என்ன நினைத்தாரோ, திரும்பவும் மூடிவிட்டு, நாளைக்கு யாராவது குறுக்கே விழுந்தால் போலீஸ்காரன் ராவுத்தர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவான் என்றார். வந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு அவர் டிக்கெட் எடுத்தார். எங்களிடம் கேட்கவில்லை. எடுத்துவிட்டுத்தான் சொன்னார். இத்தா முடிந்தாலும் காகிதம் நகர்ந்து வர மாதக்கணக்கு ஆகும், விசாவையும் விட்டுவிட்டு வண்டியும் ஓடாமல் இருந்தால் என்ன செய்வது என்றார். இரண்டு வருடத்துக்குப் புதுக் கான்ட்ராக்ட். முபஷ்ஷிரா, போகாதீங்க வாப்பா என்று ஒரு தடவை சொன்னாள். அவர் அவள் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்தார். பஸீலா பெட்டியைக் கட்டிக்கொடுத்தாள். தெரிந்தவர் ஒருவரின் காரில் ஏர்போர்ட்டுக்குப் போனார். ஏறும் முன்னால் சந்துப் பக்கம் ஒரு தடவை போய், டயரில் காற்று இருக்கிறதா என்று காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

அவர் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். இத்தா முடிந்தது. ரம்லத் பீவி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கால் வலியோடு ஆபீசுக்கும் வீட்டுக்குமாக நடந்து, வண்டியைத் தன் பெயருக்கு மாற்றி, என்.ஓ.சி.யும் வாங்கிவிட்டார். பெத்துராஜ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். இனி இங்கே பெயர் மாற்ற அப்சல் நேரில் வந்து நிற்க வேண்டும். தாள் வந்திருக்கிறது, ஆள் இல்லை.

பஸீலா அங்கேயே நின்று முடிவு செய்தாள். வண்டி என் பெயருக்கு மாறட்டும் என்றாள். ரம்லத் பீவியிடம் போனில் சொன்னாள். அவரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். வரி கட்டக் குவைத்திலிருந்து பணம் வந்தது. வண்டியை ஆபீசுக்கு எடுத்துப்போய்க் காட்ட ஓர் ஆள் வேண்டுமென்று மேலநீலிதநல்லூர்ப் பாண்டியராஜைப் பெத்துராஜ் கூட்டிவந்தார். மானாவாரி நிலம் இரண்டு வருடமாகக் காய்ந்து, டிரைவர் வேலைக்கு வளைகுடா போக ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர் அவர். நம்பர் கிடைத்து மஞ்சள் போர்டும் மாட்டியானதும், நீங்களே ஓட்டுங்கள் என்று பஸீலா சொல்லிவிட்டாள். அவர் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பெண்சாதியும் இரண்டு சின்னப் பிள்ளைகளுமாக ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் போனார்கள்.

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பஸீலா தினமும் கணக்குப் பார்க்கிறாள். பெத்துராஜ் அவளை இப்போது முதலாளியம்மா என்கிறார். அவள் சிரிப்பதில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்வதில்லை. அந்த நம்பரை வாங்கியிருந்தால் உன் மருமகன் இங்கே இருந்திருப்பார் என்று இப்போதும் சிலர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். இருந்திருப்பார். அதற்காக நான் மாற்றிச் சொல்ல முடியுமா?

போன வாரம் அப்சல் வீடியோவில் வந்தார். அந்தக் கேட்டு அறைதான், அந்தக் கட்டில்தான். இந்தக் கான்ட்ராக்டோடு போதும், வந்துவிடுங்கள் என்றேன்.

"வந்து என்னத்த ஓட்ட மாமி?"

"ஒங்க வண்டிய ஓட்டுங்க மருமவனே."

"அப்ப பாண்டியராஜ்?"

அவரே தொடர்ந்து பேசினார்.

"அவர நிப்பாட்டினா அவரு மறுபடியும் பாஸ்போர்ட்டக் கொண்டுபோய்க் குடுப்பாரு. நான் எந்திரிச்ச கட்டில்ல அவரு வந்து படுக்கணும். அதுக்கா நான் வரணும்?"

பஸீலா எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"நீங்க வாங்க" என்றேன். "வந்து ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுங்க. வருமானம் காணலன்னா இங்கன இருந்து சண்ட போடுங்க. அங்கன இருந்து நியாயம் பேசாதிய."

அப்சல் சிரித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கபீலின் உம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நேரம் என்று போனை வைத்துவிட்டார்.